மதுபானங்களில் ஆவியாகும் சேர்மங்களை கேஸ் குரோமட்டோகிராபியில் அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு பாட்டில் மதுவில் தண்ணீரையும் எத்தனாலையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மணமும் சுவையும் அங்கேதான். கண்பார்வையைப் பறித்து உயிரையும் எடுக்கிற மெத்தனாலும் அங்கேதான். உடலுக்குள் மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. பார்வை நரம்பைச் சிதைப்பது அந்த அமிலம். அதனால் நாம் எழுதித் தரும் எண்ணை நம்பி ஒருவர் ஒரு பாட்டிலைத் திறக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொண்டே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

கேஸ் குரோமட்டோகிராபி என்பது மாதிரியை ஊசியால் செலுத்தி ஆவியாக்கி, வாயு ஓட்டத்தில் நீளமான மெல்லிய குழல் வழியே அனுப்பி, சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை. கருவி கெட்டுப்போய் தப்பான எண் வந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஊசி போடுவதற்கு முன்னால், தராசுக்கும் மூடிக்கும் நடுவே நடந்த தவறால் தப்பான எண் வந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆகவே ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) தயாரிப்பதற்கும் பீக்குகளை, அதாவது ஒவ்வொரு சேர்மமும் வரைபடத்தில் எழுப்பும் மேடுகளை, பிரித்துப் பார்ப்பதற்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பட்டன் அழுத்தும் வேலையைக் கருவியோடு வரும் கையேடே சொல்லிவிடும்.

முதலில்: எதை அளக்கப் போகிறோம்?

வடித்த மதுவில் வழக்கமாக அளப்பவை இவை: அசிட்டால்டிஹைடு, அசிட்டால், எத்தில் அசிட்டேட், மெத்தனால், 2-பியூட்டனால், 1-புரொப்பனால், ஐசோபியூட்டனால், 1-பியூட்டனால், 2-மெத்தில்-1-பியூட்டனால், 3-மெத்தில்-1-பியூட்டனால். கடைசி இரண்டையும் சேர்த்து ஐசோஅமைல் ஆல்கஹால் என்பார்கள். புரொப்பனாலில் தொடங்கி ஐசோஅமைல் வரையுள்ள கூட்டத்துக்கு ஃபியூசல் எண்ணெய் என்ற பழைய பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும். மெத்தனால் பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டினிலிருந்து வருவது. அதனால்தான் பழ மதுவில் அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஐசோபியூட்டனாலும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் ஈஸ்ட் அமினோ அமிலங்களை உடைக்கும்போது பிறக்கின்றன. எத்தில் அசிட்டேட் எக்கச்சக்கமாக இருந்தால் அசிட்டிக் அமில பாக்டீரியா புகுந்திருக்கலாம். 2-பியூட்டனால் கண்ணில் பட்டால் நொதிக்கும்போதே கூழ் கெட்டிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடிக்கும்போது முதலில் வரும் பகுதியைக் கொட்டிவிட்டால் மெத்தனால் முழுக்கப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி செல்சியஸ்தான் என்றாலும், தண்ணீரோடு அதற்கு இருக்கும் ஈர்ப்பால் சாதாரண வடிகலத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். முகர்ந்தோ ருசித்தோ அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அளந்துதான் ஆக வேண்டும்.

கருவியைத் தயார் செய்தல்

குழலிலிருந்து வெளிவருவதை உணர்ந்து சமிக்ஞை தரும் பகுதி டிடெக்டர். இந்த வேலைக்கு ஏற்றது ஃபிளேம் அயனைசேஷன் டிடெக்டர், சுருக்கமாக எஃப்ஐடி. ஹைட்ரஜன் தீயில் எரியும் கார்பன் சேர்மங்களைத்தான் அது காணும். தண்ணீர் அதன் கண்ணில் படாது. மாதிரியில் பாதிக்கு மேல் தண்ணீராக இருந்தும் நேரடியாக ஊசி போட முடிகிறது என்றால் காரணம் இதுதான்.

பிரிப்புக் குழலுக்கு இரண்டு நல்ல தேர்வுகள் உண்டு. ஒன்று, பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசிய வேக்ஸ் வகை. இன்னொன்று, 6 சதவீதம் சயனோபுரொப்பில்ஃபீனைல் கலந்த 624 வகை. நான் வேக்ஸ் பக்கம். 624-இல் மெத்தனாலும் அசிட்டால்டிஹைடும் தொடக்கத்திலேயே நெருக்கியடித்து வரும். வேக்ஸில் அந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் அங்கே மெத்தனால், எத்தில் அசிட்டேட், அசிட்டால் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வரும். அதைச் சமாளிக்க நீளமான குழலும் குறைந்த தொடக்க வெப்பநிலையும் வேண்டும்.

60 மீட்டர் நீளம், 0.32 மி.மீ. உள்விட்டம் கொண்ட வேக்ஸ் குழலுக்கு இப்படித் தொடங்கலாம்: 40 டிகிரியில் 5 நிமிடம், அங்கிருந்து நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 100 வரை, பிறகு நிமிடத்துக்கு 15 டிகிரி வீதம் 200 வரை, அங்கே 5 நிமிடம். இன்ஜெக்டர் (மாதிரி நுழைந்து ஆவியாகும் சூடான வாயில்) 230, டிடெக்டர் 280. கேரியர் வாயு (ஆவியைக் குழல் வழியே தள்ளிச் செல்வது) ஹீலியம் அல்லது ஹைட்ரஜன். எஃப்ஐடிக்கு ஹைட்ரஜன் நிமிடத்துக்கு 30 முதல் 40 மி.லி., காற்று 300 முதல் 400 மி.லி. இது தொடக்கப்புள்ளிதான், உங்கள் குழலில் மெத்தனாலும் எத்தில் அசிட்டேட்டும் அடிக்கோடு (பீக் இல்லாத இடத்தில் வரும் தட்டையான கோடு) வரை தனித்தனியாகப் பிரியும்வரை மாற்றிக்கொண்டே போங்கள். வேக்ஸ் பூச்சுக்கு ஆக்சிஜன் ஆகாது. கேரியர் வாயுவின் பாதையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் வடிப்பான் போடாமல் அதைச் சூடாக்காதீர்கள்.

எவ்வளவு ஊசி போடுவது? பலர் பழக்கத்தில் 1 மைக்ரோ லிட்டர் போடுகிறார்கள். 40 சதவீத மதுவில் 1 மைக்ரோ லிட்டர், இன்ஜெக்டரின் சூட்டில் ஆவியாகி ஏறக்குறைய 1 மி.லி. இடத்தை அடைத்துக்கொள்ளும். இன்ஜெக்டருக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயான லைனர் வழக்கமாக 4 மி.மீ.; அதன் கொள்ளளவு அதற்கும் சற்றுக் குறைவு. மிஞ்சும் ஆவி மேலே செப்டம் (ஊசி துளைத்து நுழையும் ரப்பர் மூடி) பக்கமும் வாயுக் குழாய்களிலும் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த ஓட்டத்தில் யாரும் கேட்காத பீக்காக வந்து நிற்கும். அதனால் 0.5 மைக்ரோ லிட்டர் போதும். ஸ்பிளிட்டை, அதாவது ஆவியில் ஒரு சிறு பங்கை மட்டும் குழலுக்குள் விட்டு மிச்சத்தை வெளியேற்றும் விகிதத்தை, 1:30-இல் தொடங்கலாம். லைனருக்குள் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு வைத்தால் ஆவியாதல் சீராக நடக்கும்.

ஸ்டாண்டர்டு தயாரித்தல்: அவசரமே கூடாத இடம்

எஃப்ஐடி எல்லாச் சேர்மத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஆக்சிஜனோடு பிணைந்த கார்பன் தீயில் சரியாகச் சமிக்ஞை தராது. மெத்தனாலில் இருப்பது ஒரே ஒரு கார்பன், அதுவும் ஆக்சிஜனோடு ஒட்டியது. அதனால் எடைக்கு எடை பார்த்தால் மெத்தனாலின் பீக் ஐசோஅமைல் ஆல்கஹாலின் பீக்கைவிட மிகச் சிறியதாக இருக்கும். பீக்கின் பரப்பை வைத்து நேரடியாக அளவைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனித் திருத்தக் காரணி வேண்டும்.

அதோடு ஊசி போடும் அளவும் ஸ்பிளிட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் மாறும். அதைச் சரிகட்டத்தான் இன்டர்னல் ஸ்டாண்டர்டு: மதுவில் இயல்பாக இல்லாத ஒரு சேர்மத்தை, தெரிந்த அளவில் எல்லா மாதிரியிலும் எல்லா ஸ்டாண்டர்டிலும் சேர்ப்பது. வடித்த மதுவுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2870/2000 விதிமுறையின் ஆதார முறை இதற்கு 3-பென்டனாலைச் சொல்கிறது. ஐசோபியூட்டனாலுக்கும் 1-பியூட்டனாலுக்கும் இடையே தனியாக வந்து நிற்கும், நல்ல தேர்வு. ஆனாலும் புதிய வகை மது கைக்கு வந்தால் முதலில் இன்டர்னல் ஸ்டாண்டர்டு சேர்க்காமல் ஒருமுறை ஓட்டி, அந்த இடம் உண்மையிலேயே காலியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தயாரிக்கும் வரிசை இது.

1. தூய எத்தனாலையும் தண்ணீரையும் கலந்து 40 சதவீத எத்தனால் கரைசல் செய்யுங்கள். எல்லா ஸ்டாண்டர்டும் இதில்தான். மாதிரியும் ஸ்டாண்டர்டும் ஒரே எத்தனால் வலுவில் இருந்தால்தான் முதலில் வரும் பீக்குகளின் வடிவம் ஒத்துப்போகும்.

2. இந்தக் கரைசலை மட்டும் தனியாக ஓட்டுங்கள். கடையில் வாங்கிய தூய எத்தனாலிலும் துளி மெத்தனால் இருக்கலாம். இருந்தால் அந்தப் பரப்பை ஸ்டாண்டர்டிலிருந்து கழிக்க வேண்டும்.

3. சுமார் 0.3 கிராம் 3-பென்டனாலைத் துல்லியமாக எடை போட்டு, 100 மி.லி. அளவுக் குடுவையில் இந்தக் கரைசலால் கோடு வரை நிரப்புங்கள். மொத்தக் கரைசலின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணக்கும் எடையில்தான், மி.லி. கணக்கை நம்பினால் அறையின் சூடு மாறும்போதெல்லாம் எண்ணும் மாறும்.

4. இன்னொரு குடுவையில் பாதிக்கு மேல் கரைசல் ஊற்றி, அளக்க வேண்டிய சேர்மங்களை ஒவ்வொன்றாக எடை போட்டுச் சேருங்கள். அதிகக் கொதிநிலை உள்ளது முதலில், அசிட்டால்டிஹைடு கடைசியில். ஒவ்வொன்றின் தூய்மை சதவீதத்தையும் கணக்கில் சேருங்கள்.

5. இதிலிருந்து ஐந்து வெவ்வேறு செறிவில் காலிபிரேஷன் கரைசல்கள் (கருவியின் சமிக்ஞையை அளவோடு பொருத்த உதவுபவை) செய்து, எல்லாவற்றிலும் இன்டர்னல் ஸ்டாண்டர்டு சேருங்கள்.

அசிட்டால்டிஹைடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் கொதிநிலை சுமார் 20 டிகிரி. சாதாரண அறையில் பாட்டிலைத் திறந்த நொடியிலேயே அது கிளம்பிவிடும். பாட்டில், சிரிஞ்சு, குடுவை மூன்றையும் 5 டிகிரிக்குக் கீழே குளிரவைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். சிரிஞ்சின் ஊசி முனை கரைசலுக்குள் மூழ்கியிருக்கும்போதே தள்ளி, உடனே மூடி, பிறகு எடை போடுங்கள்.

நான் இருந்த ஓர் ஆய்வகத்தில் மூன்று வாரம் அசிட்டால்டிஹைடு எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயின. வெவ்வேறு மாதிரிகள், ஆனால் எல்லாமே ஏற்றம். சரி, கருவியில்தான் ஏதோ கோளாறு என்று லைனரை மாற்றினோம், செப்டத்தை மாற்றினோம், குழலின் முனையைக்கூட அரை மீட்டர் வெட்டினோம். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஸ்டாண்டர்டு குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கரைசல் கால்வாசிதான் மிச்சம். மேலே முழுக்கக் காலியிடம். மூடியின் கழுத்தில் ஈரம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அசிட்டால்டிஹைடு அந்தக் காலியிடத்திலிருந்து வெளியேறியிருக்கிறது. ஸ்டாண்டர்டில் உண்மையான அளவு குறைய, லேபிளில் பழைய அளவே இருக்க, மாதிரிகளின் எண் செயற்கையாக ஏறியிருக்கிறது. அன்றிலிருந்து ஸ்டாண்டர்டு தயாரானதும் சிறிய வையல்களில் விளிம்பு வரை நிரப்பி, மூடியைக் கிரிம்ப் செய்து குளிரில் வைத்துவிடுகிறேன். ஒரு வையல், ஒரு நாள். மிச்சத்தைத் திரும்ப வைப்பதில்லை.

மாதிரியைத் தயார் செய்தல்

பாட்டிலைக் குளிரவைத்துத் திறங்கள். தெளிவான வடித்த மது என்றால் வேறு எதுவும் தேவையில்லை. மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியை எடை போடுங்கள், 9 மி.லி. மது விட்டு மறுபடி எடை, 1 மி.லி. இன்டர்னல் ஸ்டாண்டர்டு கரைசல் விட்டு மறுபடி எடை. மூடி, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வேகமாகக் குலுக்க வேண்டாம். 60 சதவீதம் போன்ற வலுவான மதுவை 40 அருகே தண்ணீரால் தளர்த்திக்கொள்ளலாம், தளர்த்திய எடையைக் குறித்தால் போதும்.

சர்க்கரை கலந்த லிக்கர்களை நேரடியாகப் போடாதீர்கள். சர்க்கரை லைனரில் கருகி ஒட்டும். பத்துப் பதினைந்து ஓட்டத்திலேயே பீக்குகள் வால் முளைத்து நிற்கும். முதலில் வடித்துக்கொள்ளுங்கள், அல்லது பின்னால் சொல்லும் ஹெட்ஸ்பேஸ் முறைக்குப் போங்கள்.

அப்புறம், மதுவின் ஆல்கஹால் சதவீதத்தைத் தனியாக, துல்லியமாக அளந்து வையுங்கள். இறுதிக் கணக்கு அதன்மேல்தான் நிற்கிறது.

ஓட்டும் வரிசை

முதலில் வெற்றுக் கரைசல், பிறகு ஐந்து காலிபிரேஷன் கரைசல்கள், அதன்பின் ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு சோதனை மாதிரி, அதன்பின் உங்கள் மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியும் இரண்டு முறை. பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை நடு ஸ்டாண்டர்டைத் திரும்ப ஓட்டுங்கள். அது முதல் எண்ணிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால், கடைசியாகச் சரியாக வந்த இடத்திலிருந்து எல்லா மாதிரியையும் மறுபடி ஓட்டுவதுதான் நேர்மை.

பீக்குகளை அடையாளம் காணுதல்

வேக்ஸ் குழலில் கொதிநிலை வரிசையை எதிர்பார்க்காதீர்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிப்பது, எத்தில் அசிட்டேட் 77 டிகிரியில். இருந்தும் மெத்தனால் எத்தில் அசிட்டேட்டை முந்தாது. அதன் ஹைட்ராக்சில் தொகுதியைக் குழலின் பூச்சு பிடித்து நிறுத்திவைக்கும். பொதுவாக அசிட்டால்டிஹைடு முதலில், பிறகு எத்தில் அசிட்டேட், அசிட்டால், மெத்தனால் மூன்றும் நெருக்கமாக, பிறகு மலை போல எத்தனால், அதைத் தாண்டி 2-பியூட்டனால், 1-புரொப்பனால், ஐசோபியூட்டனால், 3-பென்டனால், ஐசோஅமைல் அசிட்டேட், 1-பியூட்டனால், கடைசியாக ஒட்டிய இரட்டையராக இரண்டு அமைல் ஆல்கஹால்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஒருமுறை ஓட்டி, உங்கள் குழலில் அது வரும் நேரத்தை உறுதி செய்யாமல் பெயர் எழுதாதீர்கள்.

மென்பொருள் தானாகப் போடும் அடிக்கோட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. 40 சதவீத மதுவில் எத்தனால் லிட்டருக்கு 316 கிராம். பக்கத்தில் நிற்கும் மெத்தனால் பல மதுக்களில் லிட்டருக்குக் கால் கிராம் அளவுதான். ஆயிரம் மடங்கு பெரிய ஒன்றின் அடிவாரத்தில் நிற்கும் சிறிய பீக்குக்கு மென்பொருள் எங்கே கோடு போடுகிறது என்பதில்தான் முடிவே இருக்கிறது. ஒவ்வொரு குரோமட்டோகிராமையும் மெத்தனால் இடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு பீக்கின் இரு அடிவாரத்தையும் தொடுகிறதா? இடது பக்கம் ஒரு தோள் தெரிகிறதா? தோள் இருந்தால் அது எத்தில் அசிட்டேட்டோ அசிட்டாலோ நெருங்கி வந்திருப்பது. அந்த எண்ணை வெளியே அனுப்பாதீர்கள். தொடக்க வெப்பநிலையை 35-க்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள். ஸ்டாண்டர்டில் எப்படிக் கோடு போட்டீர்களோ அதே விதியில்தான் மாதிரியிலும் போட வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் அதே மாதிரியில் கொஞ்சம் மெத்தனாலைச் சேர்த்து ஓட்டுங்கள். பீக் அதே வடிவத்தில் உயர்ந்தால் அது மெத்தனால்தான். பக்கத்தில் புதுத் தோள் முளைத்தால் முன்பு நீங்கள் மெத்தனால் என்று நினைத்தது வேறு எதுவோ.

கணக்கு

காலிபிரேஷனிலிருந்து திருத்தக் காரணி இப்படி வரும்:

காரணி = (சேர்மத்தின் எடை ÷ இன்டர்னல் ஸ்டாண்டர்டின் எடை) × (இன்டர்னல் ஸ்டாண்டர்டின் பரப்பு ÷ சேர்மத்தின் பரப்பு)

ஐந்து செறிவிலும் இந்தக் காரணி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அதிகச் செறிவில் மட்டும் விலகினால் டிடெக்டரோ குழலோ திணறுகிறது என்று பொருள். ஐந்து புள்ளிகள் வழியே போகும் கோட்டின் ஒட்டுறவு எண் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் அளவு) 0.999 என்று வந்துவிட்டதாலேயே நிம்மதி அடையாதீர்கள். அடிமட்டச் செறிவில் கோடு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தனியாகப் பாருங்கள்; மெத்தனால் குறைவாக உள்ள வோட்காவில் அந்த இடம்தான் முக்கியம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 40.0 சதவீத மது, அடர்த்தி கன மீட்டருக்கு 948.0 கிலோ. எடுத்த மாதிரி 8.532 கிராம். சேர்த்த இன்டர்னல் ஸ்டாண்டர்டு கரைசல் 0.948 கிராம், அதில் கிராமுக்கு 3173 மைக்ரோ கிராம் 3-பென்டனால். ஆக 3008 மைக்ரோ கிராம். மெத்தனால் பரப்புக்கும் 3-பென்டனால் பரப்புக்கும் விகிதம் 0.250. காலிபிரேஷனில் கிடைத்த மெத்தனால் காரணி 3.20.

மெத்தனாலின் எடை: 3008 × 0.250 × 3.20 = 2406 மைக்ரோ கிராம்.
மாதிரியில் செறிவு: 2406 ÷ 8.532 = கிராமுக்கு 282 மைக்ரோ கிராம்.
லிட்டர் கணக்கில்: 282 × 0.948 = லிட்டருக்கு 267 மி.கி.
தூய ஆல்கஹாலுக்கு மாற்றினால்: 267 ÷ 0.400 = லிட்டருக்கு 668 மி.கி., அதாவது 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 66.8 கிராம்.

தூய ஆல்கஹால் கணக்கில் எழுதுவதற்குக் காரணம், தண்ணீர் கலந்து தளர்த்தினாலும் இந்த எண் மாறாது. சட்ட வரம்புகளும் பெரும்பாலும் இதே அலகில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/787 விதிமுறையில் 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு மெத்தனால் வரம்பு வோட்காவுக்கு 10 கிராம், வைனிலிருந்து வடித்த மதுவுக்கு 200, பழ மதுவுக்குப் பொதுவாக 1000, சில பழங்களுக்கு அதற்கும் மேல். மேலே கண்ட 66.8 கிராம் பழ மதுவில் மிகச் சாதாரணம். வோட்காவில் வரம்பை மீறியது. எனவே எண்ணோடு மதுவின் வகையையும் சேர்த்தே அறிக்கையில் எழுதுங்கள்.

அசிட்டால்டிஹைடில் இன்னொரு கூட்டல் உண்டு. அதில் ஒரு பகுதி எத்தனாலோடு சேர்ந்து அசிட்டாலாக மறைந்திருக்கும். அசிட்டாலின் அளவை 0.373-ஆல் பெருக்கி, தனியாக உள்ள அசிட்டால்டிஹைடோடு கூட்டினால்தான் மொத்தம் கிடைக்கும்.

வைனும் பீரும் வந்தால்

இவற்றில் சர்க்கரை, புரதம், நிறமிகள் இருப்பதால் ஹெட்ஸ்பேஸ் முறை நல்லது. மூடிய வையலில் மாதிரியை 60 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, மேலே சேரும் ஆவியை மட்டும் எடுத்துப் போடுவது. உப்புச் சேர்த்தால் சேர்மங்கள் ஆவிக்கு எளிதாகக் கிளம்பும். ஆனால் எவ்வளவு கிளம்பும் என்பதை எத்தனால் வலு தீர்மானிக்கிறது. 12 சதவீத வைனை 40 சதவீத ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் எண் முழுக்கத் தப்பாகும். இங்கே ஸ்டாண்டர்டின் வலுவும் உப்பின் அளவும் மாதிரியோடு அச்சாக ஒத்திருக்க வேண்டும். பீரை முதலில் குளிரிலேயே மெதுவாக வாயு நீக்கிக்கொள்ளுங்கள். வைனில் சல்பைட்டோடு கட்டுண்ட அசிட்டால்டிஹைடு ஆவிக்கு முழுதாக வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீரில் வெண்ணெய் மணம் தரும் டயசெட்டைல் தனி விஷயம். லிட்டருக்கு 0.1 மி.கி. அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும் சேர்மம் அது. எஃப்ஐடியைவிட எலெக்ட்ரான் கேப்சர் டிடெக்டர் அதை நன்றாகப் பிடிக்கும்.

தினசரிக் கண்காணிப்பு

ஒரு நோட்டோ ஒரு அட்டவணையோ போதும். ஒவ்வொரு நாளும் மூன்றை மட்டும் குறியுங்கள்: சோதனை மாதிரியின் மெத்தனால் எண், 3-பென்டனாலின் பரப்பு, மெத்தனால் வரும் நேரம். பரப்பு மெதுவாகக் குறைந்தால் செப்டம் கசிகிறது அல்லது சிரிஞ்சு அடைத்திருக்கிறது. நேரம் முன்னால் நகர்ந்தால் குழலின் பூச்சு தேய்கிறது அல்லது வாயு ஓட்டம் மாறியிருக்கிறது. பரப்பும் நேரமும் நிலையாக இருந்து மெத்தனால் எண் மட்டும் நகர்ந்தால், கருவியைத் தொடாமல் நேராக ஸ்டாண்டர்டு வையலை எடுத்து மூடியைப் பாருங்கள்.